குறை சொல்லும் நாள்

மேல் லயம், பாறைக்கொல்லி எஸ்டேட்,
தேவர்சோலை வழி.
19 ஜனவரி 2025

அன்புள்ள பிரைட்டனுக்கு,

கோகிலவாணி எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீ நலம் என்று தெரியும், குழுவில் போட்ட படங்களைப் பார்த்தேன். குன்னூர் ஆபீசில் அறங்காவலர்களோடு நீள மேசையில் உட்கார்ந்திருக்கிறாய். கோட்டு பொருத்தமாகத்தான் இருக்கிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், அது உனக்குக் கைவந்த கலை. வாட்ஸப் குழுவில் எழுதினால் தலைவர் பங்கஜம் அம்மா தொடங்கி எல்லோரும் கைகூப்பும் பொம்மை போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். கடிதம் என்றால் நீ தனியாக உட்கார்ந்து கடைசிவரை படித்தாக வேண்டும்.

மலைத்தோள் அறக்கட்டளை நம்மைப் போன்ற பழைய தொண்டர்கள் ஐந்து பேரைக் கூப்பிட்டு, "நீங்க எளந்தாரிக, எங்களுக்கு வழி காட்டுங்க" என்று சொல்லி ஆலோசனைக் குழு என்று பெயரும் வைத்தபோது, நாம் கொடுத்த ஒரே உருப்படியான ஆலோசனை குறை சொல்லும் நாள்தான். இத்தலாரில் நீயும் நானும் பத்து மாதம் பாடம் நடத்திவிட்டு, கிளம்புகிற அன்றைக்குத்தான் தெரிந்தது, கேரட் கழுவும் நேரத்தில் வகுப்பு வைத்து அந்த ஊரையே பாடாய்ப் படுத்தியிருக்கிறோம் என்று. மரியாதைக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் விதி எழுதினோம். ஊர்க்காரர்கள் நாற்காலியில், தொண்டர் தரையில். எது வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னது அந்த அறையைத் தாண்டக் கூடாது. அந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது நீதான், ஞாபகம் இருக்கட்டும்.

நவம்பரில் எங்கள் லயத்து வரிசை வீட்டு ஜனங்களோடு அது நடந்தது. நீயும் வந்திருந்தாய். இந்த வருஷத்துத் தொண்டர் ரேணுகா தரையில் உட்கார்ந்திருந்தாள், பாவம், பத்தொன்பது வயதுப் பெண். தெய்வம்மா அக்கா எழுந்து சொன்னது உன் காதிலும் விழுந்தது.

"எங்க புள்ளைகளுக்குன்னு வந்த டீச்சர தொரை பங்களாவுக்கு இழுத்துக்கிட்டாரு, அவரு புள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்க. எங்க புள்ளைக பிள்ளைக்காம்பராவுல சும்மா ஒக்காந்துட்டு வருதுக. கேக்கப் பயமாத்தான் இருந்துச்சு. இங்க கேக்கலாம்னு சொன்னீங்க, கேட்டுட்டேன்."

ரேணுகா அழுதாள், மன்னிப்புக் கேட்டாள். மறுவாரமே மேனேஜர் துரையிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டு மாலைதோறும் லயத்துக்கு வந்தாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

பொங்கலுக்கு முன்னால் பிள்ளைக்காம்பராவுக்குப் பூட்டு விழுந்தது. கைக்குழந்தைகளை விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போக அந்தக் காலத்தில் கட்டிய கொட்டகை, சும்மா கிடந்ததால் வகுப்பை அங்கே நடத்திவந்தோம். இப்போது திடீரென்று உர மூட்டை வைக்க வேண்டுமாம். அதே வாரம் தெய்வம்மா அக்காவைக் கீழ்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அந்தச் சரிவில் காலையில் யானை நிற்கும். வேலைக்கு ஆள் நிறுத்தும் மேஸ்திரி ஆண்டி அவளிடம், குன்னூர் வரைக்கும் பேசத் தெரிந்தவளுக்குக் கீழே நடக்கவும் தெரியும் என்று சொல்லியிருக்கிறார். அவள் மகள் செல்விக்கு மார்ச்சில் பத்தாவது பரீட்சை. அவர்கள் ஊட்டில் படிக்க இடமில்லை, ஒற்றை அறையில் ஐந்து பேர்.

யார் போட்டுக் கொடுத்தது என்று லயத்தில் யோசித்தார்கள். குன்னூர் மீட்டிங்குக்கு பஸ் ஏறுகிற ஒரே ஆள் நான். இப்போது என் அம்மா குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. முப்பது வருஷம் அவர்களோடு நிரையில் நின்று கொழுந்தெடுத்தவள். "நீயாடி சொன்ன?" என்று அம்மாவே என்னைக் கேட்டுவிட்டாள்.

நான் சொல்லவில்லை. ரேணுகாவும் சொல்லவில்லை. டிசம்பர் மீட்டிங்குக்கு நான் வரவில்லை, நீ போயிருந்தாய். நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் எழுது.

கோகிலவாணி


கோயம்புத்தூர்
26 ஜனவரி 2025

என் அன்புத் தோழி கோகிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். உனக்குக் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது, மனது கஷ்டமாகிவிட்டது. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

டிசம்பர் கூட்டத்தில் பேசினேன், மறைக்கவில்லை. தொண்டர்களைத் தனிப்பட்ட வேலைக்கு யாரும் கூப்பிடக் கூடாது என்று ஒரு விதி வேண்டும் என்றேன். உதாரணம் கேட்டார்கள். பெயர் எதுவும் சொல்லவில்லை கோகி, சத்தியமாக. பத்தாவது படிக்கும் பெண்ணின் தாய் ஒருவர் மேல் லயத்தில் இப்படி வருத்தப்பட்டார் என்று மட்டும்தான் சொன்னேன். எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். பங்கஜம் அம்மா, "இதுக்குத்தான் தம்பி உங்களயெல்லாம் கூப்பிட்டு உக்கார வெச்சிருக்குது" என்று தட்டிக்கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் உங்கள் மேனேஜரின் மைத்துனர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நல்லதுக்குத்தான் செய்தேன். கீழே கேட்டதை மேலே சொல்லாவிட்டால் அந்த மேசையில் நான் எதற்கு? அந்த விதியும் வந்துவிட்டது தெரியுமா, அடுத்த ஜூனிலிருந்து அமல்.

பூட்டு விஷயத்தை என்னிடம் விடு, முறையாகப் பேசித் திறக்க வைக்கிறேன். கொஞ்சம் பொறு. இந்த நேரத்தில் சத்தம் போட்டால் எஸ்டேட் நம்மை உள்ளே விடாது. பைக்காரா பக்கம் புதிதாக ஆறு ஊர் பேசிக்கொண்டிருக்கிறோம், அதுவும் கெடும். குளிர் அதிகம் என்கிறார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு மாறாத,
பிரைட்டன்


மேல் லயம்
2 பிப்ரவரி 2025

பிரைட்டனுக்கு,

பெயர் சொல்லவில்லையாம். எங்கள் லயத்தில் பத்தாவது படிக்கிற பெண் செல்வி ஒருத்திதான். அதற்கு நீ தெய்வம்மா என்றே சொல்லித் தொலைத்திருக்கலாம், வாயாவது மிச்சமாகியிருக்கும்.

மைத்துனர் என்று உனக்கு எப்படித் தெரியும் என்கிறாய். இங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் கார் பங்களாவுக்கு வந்தால் வழியில் நிற்பவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும், எப்படித் தெரியாமல் இருக்கும்? ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவே இல்லை. தெய்வம்மா அக்கா எங்களை நம்பிச் சொன்னதை, மேசையில் உதாரணம் கேட்டார்கள் என்று எடுத்து வைத்துவிட்டாய். அவர்கள் நெகிழ்ந்தார்கள், உன்னைத் தட்டிக்கொடுத்தார்கள், அவள் யானைச் சரிவில் நிற்கிறாள். இதைப் படிக்கும்போது உனக்கு வெட்கமாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

உன் விதி ஜூனில் வருகிறது, செல்விக்குப் பரீட்சை மார்ச்சில். குளிரைப் பற்றி விசாரித்திருக்கிறாய், நன்றி. அவள் இப்போது கோயில் வாசல் விளக்கடியில் உட்கார்ந்து படிக்கிறாள், பனி பெய்கிறது. ரேணுகா தன் சால்வையை அவளுக்குப் போர்த்திவிட்டு நடுங்கிக்கொண்டு கணக்குச் சொல்லித் தருகிறாள். அந்தப் பெண்ணுக்கு இருக்கிற நன்றியும் விசுவாசமும் வழிகாட்ட வந்த நமக்கு இல்லை.

என்னைப் பொறுக்கச் சொல்லாதே. நான் கேட்பது ஒன்றே ஒன்று. பஸ் ஏறி இங்கே வா. லயத்து ஆட்களைக் கூட்டுகிறேன். "சொன்னது நான், கோகிலா இல்லை" என்று சொல்லு. அவ்வளவுதான். நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். தப்புச் செய்தவள் அடுத்தவன் தலையில் கட்டாமல் என்ன செய்வாள் என்று என் காதுபடவே சொன்னார்கள். நீ வந்து சொன்னால் நம்புவார்கள். உன்னை அடிக்க மாட்டார்கள், பயப்படாதே. திட்டுவார்கள், வாங்கிக்கொள். அதற்குத்தானே தரையில் உட்காரும் வழக்கத்தையே கொண்டுவந்தோம்?

இத்தலாரில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மழையில் ஊட்டி வரைக்கும் நடந்து மருந்து வாங்கி வந்தவன் நீ. அந்த ஆளைத்தான் கூப்பிடுகிறேன். அவன் இன்னும் இருக்கிறான் என்று நம்புகிறேன்.

கோகிலா


கோயம்புத்தூர்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள கோகிக்கு,

நல்ல செய்தி. மேனேஜரை நேரில் பார்த்துப் பேசினேன். நாம் நினைப்பதுபோல மோசமான மனிதர் இல்லை, டீ கொடுத்து ஒரு மணி நேரம் பேசினார். நாளை பிள்ளைக்காம்பரா திறந்துவிடுவார்கள். பரீட்சை முடியும்வரை வகுப்புக்குத் தடை இல்லை. தெய்வம்மா அக்காவையும் பழைய இடத்துக்கே போடுவார்கள்.

ஒன்று மட்டும் கேட்டார். அவர் மனது புண்பட்டிருக்கிறது. அக்கா பங்களாவுக்குப் போய், தெரியாமல் பேசிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு வார்த்தைதானே கோகி? நீதான் அக்காவிடம் எடுத்துச் சொல்ல வேண்டும், நீ சொன்னால் கேட்பார்.

நான் அங்கே வந்து சொல்வது பற்றி. இப்போது எல்லாம் சரியாகி வரும்போது அதைக் கிளறினால் யாருக்கு லாபம்? மார்ச் 22 குறை சொல்லும் நாளுக்கு பங்கஜம் அம்மாவோடு கட்டாயம் வருகிறேன். அப்போது நேரம் பார்த்துப் பேசுவோம்.

உன் நண்பன்,
பிரைட்டன்


மேல் லயம்
20 பிப்ரவரி 2025

பிரைட்டனுக்கு,

பங்களா வரைக்கும் வந்திருக்கிறாய். அங்கிருந்து லயத்துக்குக் கால் மணி நேர நடை. டீ குடித்துவிட்டு அப்படியே திரும்பிப் போயிருக்கிறாய்.

உன் செய்தியை நான் கொண்டுபோகவில்லை, எனக்கு நாக்கு வராது. மேஸ்திரி ஆண்டியே போய்ச் சொல்லிவிட்டார். தெய்வம்மா அக்கா மகளைப் பார்த்தாள், சேலையை மாற்றிக்கொண்டு பங்களாவுக்கு நடந்தாள். பார்க்க முடியாமல் நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வகுப்பு நடக்கிறது. அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறாயா?

மார்ச் 22ஆம் தேதி வா. எல்லோரும் இருப்பார்கள். நேரம் பார்த்துப் பேச ஒன்றுமில்லை, எழுந்து நின்று சொன்னால் போதும்.

கோகிலா


மேல் லயம்
24 மார்ச் 2025

பிரைட்டன் அவர்களுக்கு,

நீ வந்தாய், போனாய். பேசாமல் போய்விட்டாய் என்று எழுத வந்தேன், ஆனால் நீ பேசினாய். வழிகாட்டும் இளைஞர்கள் பற்றிப் பத்து நிமிடம் பேசினாய். அந்த ஒரு வாக்கியம்தான் அதில் இல்லை. என் அம்மா உன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். நீ அவள் பக்கம் திரும்பவே இல்லை.

நாற்காலிகளைக் கவனித்தாயா? பங்கஜம் அம்மாவுக்கு முட்டி வலி என்று முதலில் ஒன்று போட்டார்கள். அப்புறம் அறங்காவலர்களுக்கு. அப்புறம் உனக்கு. லயத்து ஜனங்கள் பாயில் உட்கார்ந்தார்கள். ரேணுகா மட்டும் பாயை விட்டுத் தள்ளி வெறும் தரையில் உட்கார்ந்து, எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டு வாங்கத் தயாராக வந்த ஒரே ஆள் அவள்தான்.

ஒவ்வொருவராகக் கேட்டீர்கள். குறை ஒண்ணுமில்லீங்க என்றார்கள். அடுத்தவரும் அதையே சொன்னார். தெய்வம்மா அக்கா முறை வந்தபோது எழுந்து, கைகளைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு, "எல்லாரும் நல்லாப் பாத்துக்கிறாங்க. எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல" என்றாள். நீ அப்போது தலையாட்டினாய். பங்கஜம் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நீதான் முதலில் கை தட்டினாய்.

நான் எழ இருந்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். பரீட்சைக்கு இன்னும் சில நாள்தான், வாயை மூடு என்று அந்தப் பிடிக்கு அர்த்தம். மூடிக்கொண்டேன். உன்னால் எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். என் அம்மாவின் பெயர் கெட்டதை நினைத்து இனி நீ கஷ்டப்பட வேண்டியதில்லை, நீ கஷ்டப்பட்டிருந்தால். அக்கா பங்களாவில் மன்னிப்புக் கேட்ட அன்றைக்கு, வாசலில் நிற்க வைத்து துரையே சொல்லியிருக்கிறார், "ஒங்க பிரைட்டன் தம்பிதான் மீட்டிங்ல சொன்னது, இனிமே ஆள் பாத்துப் பேசு" என்று. பிப்ரவரி 20 கடிதத்தை நான் எழுதிய மறுநாளே அக்கா எங்கள் ஊட்டுக்கு வந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீ ஒரு பஸ் ஏறிச் சொல்லியிருக்க வேண்டிய உண்மையை, எங்களை மிரட்டுவதற்காக துரை சொன்னார். உண்மை எங்களுக்கு அவர் வாயிலிருந்துதான் வந்தது.

உனக்கு இதை உடனே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. உனக்கு வழி விட்டுப் பார்க்கலாம் என்று இருந்தேன். நீயாகச் சொன்னால், லயமே உன்னை மன்னித்திருக்கும், அக்காதான் முதலில் மன்னித்திருப்பாள். "புள்ளை தெரியாமச் செஞ்சிருக்கும், வந்து சொல்லட்டும்" என்றுதான் அவள் சொன்னாள்.

ஆகவே முந்தாநாள் அந்தக் கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். உன் கையில் டீ கொடுத்த பிள்ளைக்கும் தெரியும். நீ உட்கார்ந்திருந்தாய், அதனால்தான் ஒருவருக்கும் குறை இல்லை.

ஆலோசனைக் குழுவிலிருந்து விலகுகிறேன். பங்கஜம் அம்மாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன், காரணம் எழுதவில்லை. ரேணுகா ஊருக்குப் போகாமல் செல்வியின் பரீட்சை முடியும்வரை எங்கள் ஊட்டில் தங்குகிறாள். அதை அறக்கட்டளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அவள் எங்கள் விருந்தாளி.

இதற்குப் பதில் எழுதாதே, போனும் செய்யாதே. அடுத்த கூட்டத்தில் மேல் லயத்தில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லு, கை தட்டுவார்கள். அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுபோக எங்கள் ஜனங்கள் உனக்குக் கொடுத்தனுப்பியது அதுதான்.

இப்படிக்கு,
மு. கோகிலவாணி