தீர்மானம் வைக்காத பாட்டு

இன்று காலை ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். ஈர ரவையின் மணம் எழுந்ததும் நீ வந்து நிற்கிறாய்.

இந்தக் குளிர்நாட்டில், ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்றுக்கு நீ வாடகைக்கு வந்த புதிது. மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் நாதம் கனக்க நான் ரவை அப்புவதைப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதுக்கும் பசிக்குமோ?" என்று கேட்டாய். 'அண்ணை' மட்டும்தான் என் மனைவி உனக்குப் பழக்கிய தமிழ். மற்றதெல்லாம் ஆங்கிலம். ஆனாலும் நீ பேசியதெல்லாம் இப்போது எனக்குத் தமிழிலேயே கேட்கிறது.

பிரேசிலில் இருந்து வந்த பாடகி நீ. ரெஸ்ரோரன்றுகளில் மற்றவர்கள் கேட்கும் ஆங்கிலப் பாட்டுகளைப் பாடிப் பிழைத்தாய். நோய் வந்து, குரல் எவ்வளவு காலம் தாங்கும் என்று டொக்ரராலும் சொல்லமுடியாமல் போனபிறகுதான் உன் அம்மா மேளம் தட்டிப் பாடிய பாட்டுகளைத் தேடிப் போனாய். குரல் இருக்கும்போதே அவற்றைப் பதிவுசெய்துவிட வேண்டும். கூட நான் வாசிக்கும் மேளம் மட்டும் போதும் என்றாய். உங்கள் ஊர் மேளக்காரர் இருக்க நான் எதற்கு என்று கேட்டேன்.

"மேல்வீட்டில இருக்கிறியள். வேறையென்ன."

எனக்கோ அரங்கேற்றங்களுக்கு வாசித்துப் பழகிய கை. பாட்டு ஒரு சுற்று வந்தால் போதும், ஒரே சொற்கட்டை மூன்று தரம் அடுக்கித் தீர்மானம் வைத்து முடித்துவிடும். நீ பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாய். கோபமில்லை, கண் கலங்கியிருக்கும்.

"ஏன் அண்ணை முடிக்கிறியள்? அம்மாவின்ர பாட்டுக்கு முடிவில்லை. ஒராள் களைச்சால் மற்றாள் எடுப்பா."

பேஸ்மென்றிலேயே பதிவு செய்தோம். கடைசிப் பாட்டின் நடுவில் உனக்கு மூச்சு வாங்கியது, குரல் நின்றது. என் கை வழக்கம்போலத் தீர்மானத்துக்குப் போனது. வாசியுங்கோ என்று நீ கையால் காட்டினாய். வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு, எதையும் வெட்டாமல் அப்படியே விடச் சொன்னாய்.

போன வின்ரரில் நோய் முற்றிப் போய்விட்டாய். உன்மேல் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. வாடகைக்கு வந்தவள் இப்படிச் சொந்தமாகிவிட்டுப் போகலாமா?

ரவை அப்பி முடித்து, கீழே வந்து, அந்தப் பதிவைப் போட்டுக் கூடவே வாசித்தேன். உன் குரல் நின்றது. கொஞ்சநேரத்தில் பதிவும் நின்றது. நான் நிறுத்தவில்லை.

மேலேயிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"என்னப்பா, பாட்டு முடிஞ்சிட்டுதெல்லே? சாப்பிட வாங்கோ."

"இல்லையப்பா," என்றேன். "இன்னும் முடியேல்லை."