ஒரு ஸ்பூன் சூப்பும் ஒரு ஜெபமும்

என் சாம்ராஜ்யத்தின் ஏக வாரிசாகிய மருமகளே,

ஏழு உலகத்தையும் வாயாலேயே ஜெயித்த உன் மாமன் ஒரு ஸ்பூன் சூப்பிடம் தோற்று நிற்கிறேன். பக்கவாதத்தில் பேச்சுப் போன பிறகும் உன் அத்தை, யாராவது ஜெபம் சொல்லாமல் சாப்பிட வாயைத் திறப்பதில்லை. இத்தனை காலம் ஜெபம் அவள் பாடு. ஊர் அதிர ‘ஆமென்’ போடுவது மட்டும்தான் என் உத்தியோகம்.

நேற்று, “அண்டசராசரங்களை ஆளும் மகாராஜனே!” என்று முழங்கினேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள். என் நடிப்பு அவளுக்குத் தெரியாதா?

சூப் ஆறிப்போனது. “ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தெரியல. இவ சாப்பிடணும்” என்றேன். வாயைத் திறந்தாள்.

இன்றும் அதையேதான் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லையம்மா. முடித்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமென் சொல்ல ஆளில்லை. நீயாவது வந்துவிடு.

இப்படிக்கு,
வாயடைத்துப் போன உன் மாமன்