நாலு பனையான் மீன்

16.09.2023
இன்றைக்குச் சாய்ந்தமருதில் காணி பார்க்கப் போனவர்கள்: நான், மகள் றபீக்கா, மருமகன் றிம்சான், பேத்தி இன்ஷிரா, தரகர் தம்பிமுத்து, காணிக்காரனான என் தம்பி றாஸிக்.

பொம்புளப்புள்ளைக்கு வீடு குடுத்துத்தானே கலியாணம். இன்ஷிராவுக்குப் பேசியிருக்கிற ஸாஜித் மாப்பிள்ளை வந்து குடியேற ஒரு வீடு வேணும்.

றாஸிக்கின் வளவு ஆறு பேர்ச் நிலம்தான், பழைய வீட்டோடு. ஒழுங்கையில் ஆட்டோ திரும்பாது. அதே காசுக்கு மருதமுனையில் பதினாலு பேர்ச், கல்வீடு, நல்ல தண்ணிக் கிணறு.

"இஞ்ச விக்க ஆளில்ல உம்மா, வாங்கத்தான் ஆள். அங்க இன்னும் இடம் கிடக்கு" என்றார் தம்பிமுத்து.

ஆனால் இங்கே என்றால் என் வீட்டிலிருந்து இன்ஷிரா கூப்பிடு தூரம். மருதமுனைக்கு பஸ் ஏற வேணும்.

17.09.2023
அந்த வளவில் மாரிக்குத் தண்ணி நிற்கும். எனக்கு ஏழு வயசு, றாஸிக்குக்கு அஞ்சு. அவனுடைய இடுப்புச் சாரத்தை அவிழ்த்து விரித்து அங்கேதான் பனையான் பிடித்தோம். நாலு மீன்.

அவனிடம் சொன்னேன். "அது பக்கத்து வளவு ராத்தா. உங்களுக்கு வயசு போயிட்டு" என்றான்.

எனக்கா மறதி? எனக்கா?

"மாரி பாத்துத்தான் அட்வான்ஸ்" என்று சொல்லிவிட்டேன். றபீக்கா பாய்ந்தாள்: "அதுக்குள்ள வேற ஆள் வாங்கினா, புள்ளைக்கு வீட்டுக்கு எங்க உம்மா போற?"

02.10.2023
றபீக்கா இன்னும் என்னோடு கதைக்கிறாள் இல்லை.

21.11.2023
மூன்று நாள் விடாத மழை. எல்லாரையும் இழுத்துக்கொண்டு போனேன். றாஸிக்கின் வளவில் முழங்கால் தண்ணி. குசினி அடுப்படியில் தவளை. றபீக்கா செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"மூத்தம்மா, சாரம் கொண்டு வரட்டா?" என்றாள் இன்ஷிரா. சிரித்து வயிறு நொந்தது.

நனைந்த காலோடு மருதமுனைக்குப் போனோம். முற்றத்து மணல் அவ்வளவு மழையையும் குடித்துவிட்டுச் சும்மா கிடந்தது. அங்கேயே பேசி முடித்தோம்.

14.06.2024
நிக்காஹ் முடிந்து மருதமுனை வீட்டில் முதல் சாப்பாடு. கிணற்றடி அறை எனக்காம். "பஸ் ஏறித் திரியாம இஞ்சயே இருங்க" என்றார் ஸாஜித். நல்ல புள்ளை. கண் நிறைந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

றாஸிக்கும் வந்தான். ரெண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான். கை கழுவும்போது என் காதுக்குள் சிரிக்கிறான்: "நாலு மீன் எண்டு சொல்லித் திரியிறீங்க ராத்தா. அஞ்சு. ஒண்டு துள்ளிப் போயிட்டு."

அப்ப எல்லாம் ஞாபகம் இருந்திருக்கு!

தண்ணி நிற்கிற கதையை வாய் திறக்காத தம்பிமுத்துவை மன்னித்தேன். கதைக்காமல் இருந்த றபீக்காவையும் மன்னித்தேன். அவன் மறந்திருந்தால் அவனையும் மன்னித்திருப்பன்.

மன்னிக்க மாட்டன் — றாஸிக்கை.