அம்மா விட்ட வெள்ளைக் கற்கள்

2025 நவம்பர் 16, ஞாயிறு, மாலை ஐந்து இருபது. நேற்று உன் அம்மா படித்தது நாற்பத்தெட்டு எழுத்தில் இருபத்து நான்கு.

அன்புள்ள அஞ்சலி,

ஆண்டவர் தயவில் இங்கே நாங்கள் இருவரும் சுகம், அதில் ஒருவருடைய கண்ணை மட்டும் கழித்துக்கொள். லீட்ஸ் குளிரில் நீயும் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன், காதை மூடிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாயா என்பதை மறைக்காமல் எழுது. மாடம்பாக்கத்தில் மூன்று நாளாக மழை, தெருவில் கணுக்கால் தண்ணீர், வழக்கம்தான். விலைபேசி முடித்த அம்மாவின் ஸ்கூட்டரை எடுத்துப்போக ஆறு மணிக்கு அடுத்த தெரு பக்தவச்சலம் வருகிறார், அதற்குள் இதை முடிக்க வேண்டும், அதனால் சுற்றி வளைக்கவில்லை: நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு.

போனில் உனக்குப் பாதிதான் தெரியும், மீதியையும் கேள். போன மாதம் அஸ்தினாபுரம் தையல் வகுப்பு முடிந்து தூறலில் வரும்போது செம்பாக்கம் பக்கத்தில் பெயின்ட் அடிக்காத சிமென்ட் டிவைடரில் அம்மா வண்டியோடு மோதினாள். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து வண்டியைத் தொடவில்லை. வகுப்பு சாயங்காலம் நடப்பது, வண்டி இல்லாவிட்டால் வகுப்பும் இல்லை; பதினோரு வருஷமாய் அவள் சொல்லிக்கொடுத்த வகுப்பு. கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன், கடைசி வரி வரை கடகடவென்று படித்தாள். நான் என்ன செய்வேன், கண் நன்றாய் இருக்கிறது, உனக்குப் பயம், பயந்தவர்கள் வண்டி ஓட்டக்கூடாது, விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. உன் அம்மா எதிர்த்துப் பேசாத வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது, நீ பிறந்த பிறகு அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

அப்புறம்தான் போன ஞாயிறு. செங்கல்பட்டுப் பெரியப்பா அனுப்பிய பச்சரிசியில் வடித்த சாதம், முதல் கவளத்திலேயே கல். உன்னிடம் போனில், உங்கம்மா கல்கூடப் பொறுக்குவதில்லை என்று எரிந்து விழுந்தேன். நீ ஆறுதல் சொல்லவில்லை, "என்ன கலர் கல்லுப்பா?" என்றாய். கல்லுக்குக் கலர் எதற்கு என்று கத்தினேன். நீ விடவில்லை, முறத்தைப் போய்ப் பார்க்கச் சொன்னாய். பொறுக்கி ஒதுக்கியதெல்லாம் கறுப்புக் கல், ஒன்றுகூட விடாமல் பொறுக்கியிருந்தாள். அரிசியில் தங்கியதெல்லாம் வெள்ளைக் கல். "கடையில காட்டின எழுத்தும் கறுப்புதானேப்பா?" என்றாய் நீ. 

நீ எழுதி அனுப்பிய ஆஸ்பத்திரிக்கு நேற்றுப் போனோம். பரிசோதித்த பெண் பெயர் தீபா, உன் வயதுதான் இருக்கும், நிதானம் மட்டும் அறுபது வயதுக்காரருடையது. ஒரு மீட்டர் தூரத்தில் வெள்ளை அட்டை, எல்லா எழுத்தும் ஒரே பெரிய அளவு, மூன்று மூன்றாக மங்கிக்கொண்டே போய்க் கடைசியில் அட்டையோடு அட்டையாய்க் கரைந்துவிடுகிறது. இரண்டு கண்ணாலும் சேர்த்துத்தான் அந்த இருபத்து நான்கு. நடுவில் அம்மா தயங்கினாள், நான் "தெரியல போல, அடுத்ததுக்குப் போங்க" என்றேன். "சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க, மங்கின எழுத்து உத்துப் பார்த்தாதான் வரும், அவங்களுக்கு டைம் கொடுங்க" என்றாள் தீபா. டைம் கொடுத்தால் நிஜமாகவே இன்னும் இரண்டு எழுத்து வந்தது. பிறகு என்னையும் நிற்க வைத்தாள், முப்பத்தெட்டு. கடைகளில் கண்காணிப்புக் கேமரா மாட்டிப் பிழைக்கிற எனக்கு அங்கேதான் விளங்கியது: பனியில் எட்டு மெகாபிக்சல் கேமராவும் சுவரையும் ஆளையும் ஒரே சாம்பலாகத்தான் காட்டும். படம் கூர்மைதான், பிரித்துக் காட்டும் வித்தியாசம்தான் இல்லை. மழையில் சாம்பல் ரோட்டில் சாம்பல் டிவைடர், உன் அம்மாவுக்கு அது இல்லவே இல்லை.

டாக்டர் பார்த்துவிட்டு லென்ஸின் பின்பக்கம் புரை தொடங்கியிருக்கிறது, வீசிங்குக்குப் பல வருஷம் எடுத்த ஸ்டீராய்டும் காரணமாய் இருக்கலாம் என்றார். டிசம்பரில் வலது கண்ணுக்கு ஆபரேஷன், பிறகு இடது. நீ சொன்னபடியே கிட்டத்தையும் தூரத்தையும் சேர்த்துக் காட்டும் லென்ஸ் வைத்தால் மங்கின வித்தியாசம் தெரிவது இன்னும் குறையுமா என்று கேட்டேன், கொஞ்சம் குறைக்கலாம், இவருக்குச் சாதாரண லென்ஸே போதும், ஊசி கோக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும் என்றார். அம்மா இதெல்லாம் கேட்கவில்லை. "அப்ப எனக்குப் பயம் இல்லீங்களே டாக்டர், கண்ணுதானே?" என்று மட்டும் கேட்டாள், அவர் ஆமாம் என்றதும் சிரித்தாள். புரை என்று கேட்டுச் சிரித்தவளை அந்த ஆஸ்பத்திரி இதுவரை பார்த்திருக்காது. யார் கண்டுபிடித்தது என்று தீபா விசாரித்தபோது நான் வாய் திறப்பதற்குள், "எங்க பொண்ணு, இங்கிலாந்துல இருந்தே எங்க வூட்டு அரிசியப் பார்த்துட்டா" என்றாள். அதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன், கல் பல்லில் பட்டது, எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்குக் கேள்வி வந்தது. பெரிய ஆள் நீ. முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல மாட்டேன், எழுதியதோடு சரி.

ஆண்டவர் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும். உன்னிடம் கண் காட்ட வருகிற கிழவர்களிடம் என்னைப் போல அவசரப்படாதே. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வாங்கு, பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பு, வாங்கினேன் என்று வாயால் சொல்வதை அம்மா நம்புவதில்லை. இனி நான் செய்யப்போவது:

1. பக்தவச்சலம் வந்ததும் வண்டி விற்பனைக்கு இல்லை என்பது. "இன்னா சார், பேச்சு மாத்துற?" என்பார். ஆமாம் என்பேன்.

2. மாடிப்படி ஓரமெல்லாம் மஞ்சள் டேப் ஒட்டுவது.

3. அரிசியை நானே பொறுக்குவது.

4. கண் ஆறும்வரை தையல் வகுப்புக்கு நானே கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது. நேற்றே பின்சீட்டிலிருந்து, "உங்களுக்குத்தான் முப்பத்தெட்டு எழுத்து தெரியுதே, அந்தப் பள்ளம் தெரியலையா?" என்று கேட்டுவிட்டாள். பேச்சு திரும்பி வந்துவிட்டது.

5. ஆபரேஷன் முடிந்து மறுபடி அந்த அட்டை முன்னால் அவள் நிற்கும்போது, எவ்வளவு நேரமானாலும், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

உன் அப்பா,
ஆல்வின்