உன் வாசலில் எடுத்த மண்

இன்று காலை ஆய்வகத்தில் என் மாணவி ஒரு மண் பையைப் பிரித்தாள். நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தின் கோரமண்டல் பக்கத்தில், சயனைடு கழிவு மேட்டில் எடுத்த மண். அந்த ஈரச் சாம்பல் வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

ஒரே ஊர்க்காரிகளான நாம் பழகியது பெங்களூர் போகும் மாரிக்குப்பம் ரயிலில்தான். நான் கடைவீதி ஜவுளிக்கடைக்காரர் மகள். நீ ஸ்கெலட்டன் லைனின் வரிசை வீடுகளில் வளர்ந்தவள், சுரங்கத் தொழிலாளியின் மகள். ஒரே பேராசிரியரிடம் பிஎச்.டி. சேர்ந்தோம். என் டிபன் டப்பாவை உரிமையோடு திறந்து, "கடைக்காரம்மா, சட்னிய தராசுல வெச்சா கொண்டாந்த?" என்று கேட்பாய்.

தங்கம் எடுத்தபின் கொட்டிய கழிவு மண் அக்கம்பக்கத்தை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்பது என் ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மண் வேண்டும். மேட்டிலிருந்து தள்ளித்தானே இருக்கிறது என்று உன் வீட்டு வாசலிலேயே தோண்டினேன். அன்று நீ காய்ச்சலில் படுத்திருந்தாய். அந்த மண்ணோடு ஒப்பிட்டதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கழிவால் அதிகக் கெடுதல் இல்லை என்று முடிவே எழுதிவிட்டேன்.

ரயிலில் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு நீ மெதுவாகக் கேட்டாய். "எங்கூட்டு வாசல்லயா எடுத்த? அது டம்ப் மண்ணுடி, அந்த சயனைடு மேட்டு மண்ணு. பொங்கலுக்கு முன்னாடி லைன்ல எல்லாரும் மூட்டையில கொண்டாந்து வாசல்ல கொட்டி மட்டம் பண்ணுவாங்க. மழையில சேறாவாது, புல்லும் மொளைக்காது."

சிமெண்டு வாசலில் வளர்ந்த எனக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு வருட உழைப்பு போயிற்றே என்ற ஆத்திரத்தில், உனக்குப் பொறாமை என்று வாய்கூசாமல் சொன்னேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

மறுநாள் சாரிடம் போய்த் தவற்றைச் சொன்னேன். நீ என் பக்கத்தில்தான் நின்றாய். அவர் கோபிப்பார் என்று பயந்திருந்தேன்; அவர் முகமோ மலர்ந்தது. "மறைச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நீயே கண்டுபிடிச்சு நீயே வந்து சொன்ன பாரு, இதும்மா ஆராய்ச்சி."

இல்லை சார், இவள்தான் கண்டுபிடித்தாள் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. வெளியே வந்ததும், புது மண் எடுக்க என்றைக்குப் போகலாம் என்று மட்டும் கேட்டாய். அந்த வருடம் சனிக்கிழமைதோறும் தூரத்துக் கிராமங்களுக்கு என்னோடு அலைந்தாய். உன் ஆய்வு அதனால் பின்தங்கியது. அந்தப் புது மண்ணை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் என் முதல் பேப்பர்.

சார் தன் சிபாரிசுக் கடிதத்தில் என் நேர்மையைப் பற்றித்தான் முதலில் எழுதினார். வேலை கிடைத்தது அதனால்தான். பிறகு ஒவ்வொரு வருடமும் புது மாணவர்களிடம் இந்தக் கதையை நானே கண்டுபிடித்ததாகச் சொல்லி வந்திருக்கிறேன். நினைக்கவே வெட்கமாக இருக்கிறது. நீ ஊர்க் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டு, பார்க்கும்போதெல்லாம் கேலி செய்துகொண்டு, கடைசிவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று அந்த மாணவியிடம் உள்ளதை உள்ளபடி, உன் பெயர் சொல்லிச் சொன்னேன். மண் சலிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அந்தப் பேப்பர்ல அவங்க பேரு இருக்கா மேடம்?"

இல்லை என்றேன். அவள் மறுபடி சல்லடையை எடுத்தாள். அந்த "இல்லை"யோடுதான் இனி நான் வகுப்புக்குள் போக வேண்டும்.