வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே

போன மாதம் கண்டி பஸ் நிலையத்தில் யாழ்ப்பாண பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர் தம்பிலி இளநீர் சீவினார். அந்தப் பச்சை மணம் மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய். இளநீரே ஆகாது என்று டொக்டர் உனக்குச் சொல்லியிருந்தார். என்னை ஒன்று வாங்கிக் குடிக்கச் சொல்லிவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய். "எப்படி இருக்குன்னு சரியா சொல்லுடி. சும்மா இனிப்புன்னு சொல்லித் தப்பிக்காத" என்பாய்.

நாவலப்பிட்டியில் ஒரே வகுப்பில் படித்து, கண்டிக்கு வேலைக்கு வந்தவர்கள் நாம். முப்பத்தெட்டு வயது வரைக்கும் இரண்டு பேருமே கடலைக் கிட்டே நின்று பார்த்ததில்லை. எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் இந்தத் தீவைச் சுற்றினார்கள். நீ வேலை பார்த்த புத்தகக் கடையில்தான் அவர்கள் வரைபடம் வாங்கினார்கள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வேலையை விட்டு நின்ற நாளில் நீயும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாய்.

திங்களும் வியாழனும் ஆஸ்பத்திரியில் இரத்தச் சுத்திகரிப்பு. நடுவில் மிச்சமிருந்தது மூன்று நாள்.

"வெள்ளி காலையில கெளம்பினா ஞாயித்துக்கெழம பொழுது சாயிறதுக்குள்ள திரும்பிறலாம். அதுக்குள்ள எட்டுற எடமெல்லாம் நம்ம எடம்" என்றாய்.

"இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு ஊர் சுத்தணுமா?" என்று உன் அண்ணன் கேட்டார்.

"வீட்ல இருந்தா நான் நோயாளி அண்ணே. பஸ்ல ஏறிட்டா பயணி."

முதலில் தம்புள்ளை, பிறகு பொலன்னறுவை. அந்த டிசம்பரில் கல்முனை. ஒரு நாளைக்கு அரை லீட்டர் தண்ணீர்தான் உனக்கு. போத்தலில் பேனாவால் கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு குடிப்பாய். மழைக்காலக் கடல் கலங்கிப்போய்ப் பொங்கிக்கொண்டிருந்தது. அலை முழங்கால் வரைக்கும் அடிக்க, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "இவ்வளவு தண்ணிய வச்சுக்கிட்டு எனக்கு அர லீட்டர்தானா?" என்று கேட்டு நீ சிரித்த சிரிப்பில், வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பும்போதுதான் அது நடந்தது. ஞாயிறு நடுப்பகல். மஹியங்கனை தாண்டி மலை ஏறும் வளைவுகளில் பஸ் நின்றுவிட்டது. "மேல மண் சரிஞ்சிருக்கு. இன்னைக்குப் பாதை தொறக்க மாட்டாங்க. திரும்பிப் போறோம்" என்றார் கொண்டக்டர். மறுநாள் காலை நீ ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும். யாருக்காவது போனில் கோல் எடுக்கலாம் என்றேன்.

"எறங்கு" என்றாய்.

சரிவுக்கு மேலாக, ஒரு வீட்டுத் தோட்டத்தின் வழியே ஊர்க்காரர்கள் நடந்து கடந்துகொண்டிருந்தார்கள். நாமும் நடந்தோம். ஐம்பது அடிக்கு ஒரு தரம் நீ உட்கார்ந்தாய். மூச்சு வந்ததும் எழுந்தாய். உன் கால் வீங்கிச் செருப்பு பதிந்திருந்ததைப் பார்த்து நான்தான் அழுதேன். "அழுதா மூச்சு வாங்கும், நட" என்றாய். அரை மைலுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்தப் பக்கம் நின்ற மரக்கறி லொறிக்காரர் நம்மை ஏற்றிக்கொண்டார். கண்டிக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மறுநாள் உன் எடையைப் பார்த்த நர்ஸ், தண்ணீர்க் கட்டுப்பாடு நல்லாயிருக்கிறது என்று பாராட்டினாராம். அதைச் சொல்லித்தான் எனக்குக் கோல் எடுத்தாய்.

உன் அண்ணன் என்னைத் தேடி, நான் வேலை பார்க்கும் கந்தோருக்கே வந்தார். "தங்கச்சிய நீங்களே கொன்னுருவீங்க போலிருக்கே" என்றார். அன்று மாலையே உன்னிடம், இனி என்னால் முடியாது என்றேன். அடுத்த வெள்ளி மத்தியானம் போன் அடித்தது.

"எல்ல ஸ்டேஷன்ல நிக்கிறேன். ரயில்ல தனியா வந்தேன். நீ பயந்தா வீட்ல இரு. எனக்கும் சேத்துப் பயப்படாத."

அடுத்த வாரம் பையோடு உன் வாசலில் நின்றேன். அதன் பிறகு ஒரு பயணத்தையும் நான் தவறவிடவில்லை.

உன்னைக் கொண்டுபோனது நெஞ்சுச் சளி. மூன்றே நாள். செத்த வீட்டில் உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ நல்லா இருந்த நாளெல்லாம் உங்களோட சுத்தின நாள்தாம்மா" என்றார்.

நெடுந்தீவு மட்டும் நம் மூன்று நாளுக்குள் அடங்கவே இல்லை. நீ போய் வருடம் திரும்பியதும், போன மாதம், ஐந்து நாள் லீவு போட்டுத் தனியாகப் புறப்பட்டேன். யாழ்ப்பாணத்துக்கு அப்பால் குறிகட்டுவான் துறையில் படகு நிறைந்து நின்றது. காற்று பலமாக இருந்தது.

"இண்டைக்குக் கடல் கொஞ்சம் கடும். பயப்பிடுற ஆக்கள் இப்பவே இறங்குங்கோ" என்றார் படகுக்காரர்.

நாலைந்து பேர் இறங்கினார்கள். பக்கத்தில் இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் இறங்கேல்லையோ பிள்ளை?" என்று கேட்டார். எனக்கு நீந்தத் தெரியாது.

"இல்லீங்கம்மா. போகத்தான் வந்தேன்."

ஒரு மணி நேரம் படகு தூக்கித் தூக்கிப் போட்டது. அந்தக் கரையில் இறங்கியபோது கால் தள்ளாடியது. வெள்ளைக் கற்களை அடுக்கிய மதில்கள் கண் எட்டிய தூரம்வரை போயின. வெட்டவெளியில் குதிரைகள் தம்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. அந்த வெயிலில் மாலைவரை நடந்தேன்.

பயம் போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். போகும்போதும் இருந்தது, வரும்போதும் இருந்தது. இனிப் போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் கூடவே வரும். வரட்டும். அதற்காக நான் இறங்க மாட்டேன்.