மடங்க வேண்டிய விரல்

அன்பு மகளுக்கு,

நீ கோபித்துக்கொண்டு போனதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. என் கால் கட்டைவிரலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மூட்டு தேய்ந்துவிட்டது, எலும்புகளை ஒட்டிவிட்டால் வலி போகும், ஆனால் விரல் மடங்காது, செயற்கை மூட்டு வைத்தால் மடங்கும், ஆனால் அதுவும் ஒருநாள் தேயலாம் என்றார் டாக்டர். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"ஒட்டிடுங்க டாக்டர். அப்பாவுக்கு இனிமே மடக்குற மாதிரி என்ன வேலை இருக்கு?"

நான் ஒட்ட வேண்டாம் என்றதும் நீ எழுந்து போய்விட்டாய். டைல்ஸ் போடும் தொழிலை நான் இன்னும் விடவில்லை. விரலை மடக்கி ஊன்றி மண்டியிடாமல் ஒரு கல்லைக்கூட என்னால் பதிக்க முடியாது. உன் குளியலறைத் தரையும் அப்படிப் போட்டதுதான்.

நேற்று நானே டாக்டரிடம் போனேன். "கட்டைவிரல்னு பேரு வச்சதுக்காக அதைக் கட்டையாவே ஆக்கிடுவீங்களா? எனக்கு மடங்கணும்."

"எலும்பு பரவாயில்ல. பிடிவாதம் அதைவிடக் கெட்டி. சரி, புது மூட்டே வைக்கலாம்" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை காலை ஆபரேஷன். உன்னை வரச்சொல்லி எழுதவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் விரல் குத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

"கூட யாரு இருப்பாங்க?" என்று நர்ஸ் கேட்டாள். யாருமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மகள் இருப்பாள் என்று சொல்லிவிட்டேன்.

என்னைப் பொய்யனாக்குவதும் ஆக்காததும் உன் இஷ்டம்.

இப்படிக்கு,
உன் அப்பா